மயிரிழையில் கால் பங்கு

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சம்பா வயல்கள் கடலாகிக் கிடந்த படங்களை நாடே பார்த்தது. அந்தப் படங்களில் வராத சேதம் ஒன்று உண்டு. வயலோரக் கொட்டகைகளில் இருந்த மோட்டாரும் டீசல் எஞ்சினும் பவர் டில்லரும் சேற்றுத் தண்ணீரில் முழுகின. வெள்ளம் வடிந்த பிறகு அவற்றைத் திறந்து, துடைத்து, காயிலை உலர்த்தி, பேரிங்கை மாற்ற வேண்டும். திறப்பதற்கு முதலில் போல்ட்டு கழல வேண்டுமே? வேலை அங்கேதான் நின்றுபோகும். ஸ்பானரை மாட்டி ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தால் ‘டக்’கென்று தலை மட்டும் கையோடு வரும். உடம்பு ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடும்.

வெள்ளம் வந்தால்தான் இப்படி என்றில்லை. ஒரு பக்கம் திருமுல்லைவாசல், இன்னொரு பக்கம் பூம்புகார் என்று கடலுக்கு அருகிலேயே இருக்கிற ஊர் சீர்காழி. காற்றில் எப்போதும் உப்பு. இரும்பு துருவாக மாறும்போது, தான் முன்பு அடைத்திருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். போல்ட்டின் மரைக்கும் ஓட்டையின் மரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு. அந்த இடுக்குக்குள் துரு பருத்தால் போல்ட்டு ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். அலுமினிய உறைக்குள் எஃகு போல்ட்டு இருந்தால் இன்னும் மோசம். இரண்டு உலோகங்களும் உப்பு ஈரமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும். அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாகிப் போல்ட்டைக் கவ்விக்கொள்ளும்.

ஒடிந்த போல்ட்டை டிரில் போட்டுத் துளைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக மரை வெட்டுகிற கருவிதான் டேப். விரல் நீளம்தான் இருக்கும். சில நூறு ரூபாய்க்குள் ஒரு செட் கிடைக்கும். கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஒரு வைஸ், ஒரு கை டிரில், ஒரு டேப் ஹேண்டில், கொஞ்சம் எண்ணெய் இருந்தால் யாரும் மரை போடலாம். அப்படிப் போடுகிற மரை, எங்கோ ஒரு தொழிற்சாலையில் எந்திரம் உருட்டிய போல்ட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது. போட்டவர் மைக்ரோமீட்டரைத் தொட்டிருக்க மாட்டார். மரையின் உள்ளே கண்ணால் பார்க்கக்கூட முடியாது. ஆனாலும் ஒவ்வொரு சுற்றும் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குக்குள் சரியாக விழுந்திருக்கும். இந்தத் துல்லியம் எங்கிருந்து வருகிறது?

எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கான டேப் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கடையில் எம்-8 என்பார்கள். சென்னை அடிசன், டோட்டம் என்று ஏதாவது ஒரு பெயர் காம்பில் பொறித்திருக்கும். பக்கத்திலேயே 8 x 1.25 என்று இருக்கும். 8 என்பது வெளிவிட்டம். 1.25 என்பது ஒரு மரையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். மேல்பார்வைக்கு இது ஒரு போல்ட்டுதான். ஆனால் நெடுக நாலு வாய்க்கால் வெட்டியிருக்கும். வாய்க்கால் மரையை அறுத்துக்கொண்டு போகிற இடத்தில் ஒவ்வொரு மரைக்கும் ஒரு கூரான முனை கிடைக்கிறது. அந்த முனைகள்தான் பற்கள். வெட்டி எடுத்த சீவல் போய் விழுவது அந்த வாய்க்காலில்.

செட்டில் மூன்று டேப் இருக்கும். முதலாவதன் நுனி எட்டு மரை நீளத்துக்குச் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். இரண்டாவதில் அந்தச் சரிவு நாலைந்து மரைதான். மூன்றாவதில் இரண்டு மரைக்குள் முடிந்துவிடும். ஓட்டையின் அடி வரைக்கும் மரை இறங்க வேண்டிய இடத்துக்கு அது. சரிவு என்பது அழகுக்காக வைத்ததில்லை. ஒரு கணக்கு போட்டால் புரியும். எம்-8 மரைக்கு 6.8 மில்லிமீட்டர் ஓட்டை போடுகிறோம். அந்த ஓட்டையின் சுவரிலிருந்து டேப்பின் வெளிவிட்டம் வரை வெட்ட வேண்டிய ஆழம் பக்கத்துக்கு 0.6 மில்லிமீட்டர். முதல் டேப்பில் எட்டு மரைச் சரிவு, நாலு வாய்க்கால். மொத்தம் 32 பற்கள் அந்த 0.6 மில்லிமீட்டரைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு பல்லின் பங்கு 0.02 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஆக, எஃகை வெட்டுகிற ஒவ்வொரு பல்லும் ஒரு மயிரிழையில் கால் பங்கைத்தான் சீவுகிறது. கைவலிமையால் இரும்பில் மரை போட முடிவதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது டேப்பை முதலிலேயே விட்டால் அதே 0.6 மில்லிமீட்டர் எட்டே பற்களின் தலையில் விழும். ஒவ்வொன்றும் ஒரு முழு மயிரிழை அளவுக்கு வெட்ட வேண்டியிருக்கும். டேப் ஒடிகிற வீடுகளில் பாதிக்கு மேல் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: ‘மூணும் ஒண்ணுதானே’ என்று கைக்கு அகப்பட்டதை எடுத்து விடுவது.

ஓட்டை ஏன் 6.8? வெளிவிட்டத்திலிருந்து மரை இடைவெளியைக் கழித்துவிட்டால் டிரில் அளவு வந்துவிடும் என்பது பட்டறைக் கணக்கு. எட்டிலிருந்து 1.25 போனால் 6.75, கடையில் கிடைப்பது 6.8. எம்-6 என்றால் ஆறிலிருந்து ஒன்று போய் 5. எம்-10 என்றால் பத்திலிருந்து ஒன்றரை போய் 8.5. இந்தக் கழித்தலுக்கு அடியில் ஓர் அருமையான சமரசம் இருக்கிறது. முழு மரையின் ஆழத்தில் சுமார் முக்கால் பங்குதான் இந்த ஓட்டையில் விழும். மீதிக் கால் பங்கு உலோகம் டிரில்லோடு போய்விட்டது. ‘அடடா, மரை முழுசாக இல்லையே’ என்று தோன்றும். ஆனால் நூற்றுக்கு நூறு ஆழம் உள்ள மரை, முக்கால் மரையைவிட நூற்றுக்கு ஐந்து பங்குதான் கூடுதல் வலிமை தருகிறது. அதை வெட்டவோ மூன்று மடங்கு முறுக்கு வேண்டும் என்று பொறியியல் கைநூல்கள் சொல்கின்றன. கடைசிக் கால் பங்கு உலோகம் மரையின் நுனியில் இருக்கிறது. அங்கே அது சுமை தாங்குவதும் குறைவு, வெட்டுவதற்குத் தருகிற தொல்லையும் அதிகம். அதை விட்டுக்கொடுப்பதே உத்தமம்.

இனி மரை போடுவதற்கு வருவோம். இடத்தைக் குறித்து, சென்டர் பஞ்சால் ஒரு குழி அடித்து, டிரில்லை நேராக இறக்கி, ஓட்டையின் வாயில் பிசிறு இல்லாமல் சற்றே அகலித்துவிட வேண்டும். முதல் டேப்பை ஹேண்டிலில் பூட்டி வாயில் வைத்து, லேசாக அழுத்திக்கொண்டே வலப்புறம் சுற்ற வேண்டும். இந்த முதல் இரண்டு சுற்றில்தான் ஆளின் பங்கு எல்லாம் இருக்கிறது. டேப் ஓட்டைக்கு நேராக நிற்கிறதா என்று ஒரு சின்ன மூலைமட்டத்தை வைத்து முன்னாலிருந்து ஒரு முறை, பக்கவாட்டிலிருந்து ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மறுபக்கச் சாய்வு தெரியாது. சாய்ந்திருந்தால் இப்போதே பின்னால் சுற்றி எடுத்து மறுபடி வைக்கலாம். மூன்றாவது சுற்றுக்கு மேல் கை சொன்னால் டேப் கேட்காது.

எங்கள் கடைத்தெருப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“அமுக்காதடா தம்பி. கடிச்சுடுச்சுல்ல? இனிமே சும்மா சுத்து. அது தானா இழுத்துக்கும்.”

“அமுக்கலேன்னா எப்படிண்ணே உள்ள எறங்கும்?”

“போட்ட மரையே அடுத்த மரைக்கு வழி காட்டும்டா. நீ குறுக்க போகாம இருந்தாச் சரி.”

அவர் சொன்னது அப்படியே எந்திரவியல். முதல் ஒன்றிரண்டு சுற்றில் வெட்டுப்பட்ட பள்ளத்துக்குள் டேப்பின் அடுத்தடுத்த மரைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இனி டேப் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர்தான் இறங்க முடியும். கூடவும் முடியாது, குறையவும் முடியாது. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், நடுவில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்து தொடர்ந்தாலும் அதே 1.25தான். இடைவெளியை அளப்பது கை அல்ல. டேப்பின் உடலில் முன்பே வெட்டியிருக்கும் மரை. அந்த வேலையை யாரோ முன்பே செய்து முடித்து எஃகுக்குள் வைத்துவிட்டார்கள்.

அந்த யாரோவைத் தேடிப் போனால் ஒரு விசித்திரமான வம்சாவளி கிடைக்கிறது. டேப்பின் மரையை வெட்டியது ஓர் எந்திரம். அந்த எந்திரத்தில் வெட்டுமுனையை நகர்த்தியது இன்னொரு திருகு. அந்தத் திருகை வெட்டியது வேறோர் எந்திரத்தின் திருகு. இப்படியே பின்னால் போனால், துல்லியமான திருகு எதுவுமே இல்லாத ஒரு காலத்துக்கு வந்து நிற்போம். துல்லியமில்லாத திருகுகளிலிருந்து துல்லியமான திருகு எப்படிப் பிறந்தது?

லண்டனில் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹென்றி மாட்ஸ்லே என்ற கொல்லர் இந்த முடிச்சை அவிழ்த்தார். சுழலும் தண்டின் மேல் ஒரு கத்தியைக் கணக்கிட்ட சாய்வில் வைத்து அழுத்தினால், அது தானாக ஒரு மரைக்கோட்டை வரைந்துகொண்டு நகரும். அப்படிப் பல தண்டுகளை வெட்டி, இருப்பதில் நல்லதைத் தேர்ந்தெடுத்து, அதையே லேத்தின் நடத்து திருகாகப் பூட்டினார். அதிலிருந்து வெட்டிய திருகில் நல்லதை மறுபடி பூட்டினார். அவர் செய்த நீளத் திருகு ஒன்று ஐந்து அடி நீளம். அங்குலத்துக்கு 50 மரை. அதன் மேல் ஓடிய நட்டு ஓர் அடி நீளம், உள்ளே 600 மரைகள். அத்தனை நீள நட்டு எதற்கு? திருகில் ஒரு மரை சற்று முன்னால் விழுந்திருக்கலாம், இன்னொன்று பின்னால் விழுந்திருக்கலாம். 600 மரைகளை ஒரே நேரத்தில் தழுவி ஓடும் நட்டு எந்த ஒரு மரையின் பிழைக்கும் முழுதாக ஆடாது. பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து தேய்ந்துபோகும். அந்த நட்டால் இழுக்கப்பட்ட வெட்டுமுனை தாயைவிட நேர்த்தியான பிள்ளையை வெட்டும். பெற்றதைவிடப் பிறந்தது சுத்தமாக வருகிற இந்த ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் வியப்பு தீராதது. தாழ்வாரத்து வைஸில் போடுகிற மரை இந்த வரிசையின் கடைசிப் பிள்ளை.

மாட்ஸ்லேயிடம் வேலை பழகியவர்களில் ஒருவர் ஜோசஃப் விட்வொர்த். அப்போது இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை போட்டது. ஒரு பட்டறையின் நட்டு அடுத்த தெருப் பட்டறையின் போல்ட்டில் ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, எல்லாவற்றையும் அளந்து, சராசரியை எடுத்து 1841-ல் ஓர் அட்டவணையை முன்வைத்தார். மரையின் முக்கோணத்துக்குக் கோணம் 55 பாகை. ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்று ஒரே கணக்கு. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 பாகை என்று வேறொன்றைச் சொன்னார். இன்றைய மெட்ரிக் மரை 60 பாகை.

காவிரிப் படுகைக்குத் திருகு என்ற வடிவம் மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தது. உலோக வேலையில் இந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் வெளிவந்தன. மெழுகு வார்ப்பும் செம்பின் மேல் உளி ஓட்டமும் அவ்வளவு கைவந்த நாடு. ஆனால் ஒன்றோடொன்றைக் கோத்து நிறுத்த ஆணியும் ஆப்பும் தறையாணியும் கழுத்தும் குடைவும்தான் இருந்தன. வண்டிச் சக்கரத்தைக் காத்தது கடையாணி. ஏற்றத்தைத் தாங்கியது மரத் தூணும் கயிறும். சீன அறிவியல் வரலாற்றை எழுதிய ஜோசஃப் நீடம், பழைய சீனத்திலும் இதே நிலை என்றார்: எத்தனையோ எந்திர உறுப்புகளைத் தாமாகவே கண்டறிந்த அவர்கள் கண்டறியாமல் விட்ட முக்கியமான ஒன்று திருகு.

எஞ்சினும் பம்பும் இங்கே வந்தபோது விட்வொர்த்தும் கூடவே வந்துவிட்டார். 1956-ல் இந்தியா மெட்ரிக் அளவைச் சட்டமாக்கியது. புதிய எந்திரங்கள் மெட்ரிக் மரைக்கு மாறின. ஆனால் இரும்புக் கடையில் இன்றைக்கும் ‘மூணு நூல் போல்ட்டு, நாலு நூல் போல்ட்டு’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூணு நூல் என்றால் யாரும் குழம்புவதில்லை, அங்குலத்தில் எட்டில் மூன்று என்று கைக்குத் தெரியும். ஒரே கொட்டகையில் அப்பா காலத்து எஞ்சின் நூல் கணக்கிலும், மகன் வாங்கிய மோட்டார் மில்லிமீட்டர் கணக்கிலும் நிற்கின்றன. ஆபத்து இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற இடத்தில்தான்.

மூணு நூல் போல்ட்டின் வெளிவிட்டம் 9.525 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 16 மரை. எம்-10 போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர். மரை இடைவெளி ஒன்றரை, அதாவது அங்குலத்துக்குப் பதினேழுக்குச் சற்றுக் குறைவு. மூணு நூல் போல்ட்டை எம்-10 ஓட்டையில் விட்டால் சில சுற்று தாராளமாக ஏறும். பிறகு இறுகுகிற மாதிரியும் இருக்கும். இறுகியது போல்ட்டு உட்கார்ந்ததால் அல்ல; இடைவெளி ஒத்துவராமல் மரைகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறியதால். சுமை முழுவதும் ஓரிரு மரைகளின் ஓரத்தில் தொங்கும். பம்பு ஓடத் தொடங்கினால் அவை உரிந்துவிடும். டேப் எடுக்குமுன் பழைய போல்ட்டையும் தெரிந்த போல்ட்டு ஒன்றையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் போதும். ஓர் அங்குல நீளத்துக்குள் இரண்டும் ஒரு மரை விலகினால் வெளிச்சம் தெரியும்.

குழாய் மரையில் மட்டும் மெட்ரிக் இன்னும் நுழையவில்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாய், குறுவைக்குத் தண்ணீர் இறைக்கிற வடிமுனைக் குழாய்க் கிணற்றின் இரும்புக் குழாய், அதில் பிளம்பர் டை போட்டு வெட்டுகிற மரை எல்லாமே இன்றைக்கும் அங்குலக் கணக்கில், விட்வொர்த்தின் அதே 55 பாகையில் இருக்கின்றன. அரை அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு 14 மரை, ஓர் அங்குலக் குழாய்க்கு 11. 1841-ல் விட்வொர்த் எடுத்த சராசரியின் மேல்தான் டெல்டாவின் தண்ணீர் ஓடுகிறது.

உலோகத்துக்கு உலோகம் டேப்புக்குக் கிடைக்கிற வரவேற்பு மாறும். மோட்டார் உறையும் பம்பு உடலும் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் வெட்டினால் சீவல் சுருளாது, இடித்த மிளகு போலப் பொடியாக உதிரும். வார்ப்பிரும்புக்குள் கரி மெல்லிய தகடுகளாகப் பரவிக் கிடப்பதே காரணம். அந்தத் தகடுகள் இரும்பின் தொடர்ச்சியை ஆங்காங்கே அறுத்து வைத்திருப்பதால் சீவல் நீளமாவதற்கு முன்பே உடைந்துவிடுகிறது. அதே கரி மசகாகவும் வேலை செய்கிறது. எண்ணெய் விட்டால் பொடி குழம்பாகி வாய்க்காலை அடைக்கும் என்பதால் வார்ப்பிரும்புக்கு எண்ணெய் தேவையே இல்லை. பித்தளையும் இப்படித்தான், பொடிச் சீவல். அலுமினியம் ஒட்டுகிற ஜாதி. பல்லின் நுனியில் அப்பிக்கொண்டு அடுத்து வரும் மரையைக் கிழிக்கும். அதற்கு மண்ணெண்ணெய்.

எஃகுக்குத்தான் நல்ல எண்ணெய் வேண்டும். ‘நல்ல’ என்றால் விலை அதிகம் என்று பொருள் இல்லை. எஞ்சின் ஆயிலைவிடத் தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் இந்த வேலைக்கு ஒரு படி மேல் என்று பழைய ஆட்கள் சொல்வதில் வேதியியல் இருக்கிறது. டேப்பின் பல் அழுத்துகிற இடத்தில் எந்த எண்ணெயும் தடித்த படலமாக நிற்காது. பிதுங்கி வெளியே போய்விடும். அங்கே நிற்க வேண்டியது உலோகத்தைப் பற்றிக்கொள்கிற மூலக்கூறு. தாவர எண்ணெயிலும் விலங்குக் கொழுப்பிலும் உள்ள கொழுப்பு அமிலங்களின் ஒரு முனை உலோகப் பரப்போடு ஒட்டி, மெல்லிய சோப்புப் படலமாகிவிடும். மறுமுனை வழுக்கும். சுத்திகரித்த கனிம எண்ணெய்க்கு அந்தப் பிடிமானம் இல்லை. பட்டறைகளுக்கு விற்பனைக்கு வரும் கட்டிங் ஆயிலில் கொழுப்பையும் கந்தகத்தையும் சேர்ப்பது இதற்காகவே.

எஃகில் அரைச் சுற்று முன்னால் போனால் கால் சுற்று பின்னால் வர வேண்டும். பின்னால் திருப்பும்போது ‘கிளிக்’ என்று ஒரு சிறு தடை கையில் தட்டுப்படும். சீவல் முறிந்த அடையாளம் அது. முறிக்காமல் சுற்றிக்கொண்டே போனால் சீவல் வாய்க்காலில் சுருண்டு அடைத்து, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் டேப்பைச் சிறைபிடிக்கும். எந்திரத்தில் பூட்டும் சில டேப்புகளின் வாய்க்கால் முறுக்கியிருப்பதும் சீவலுக்காகத்தான். சிலவகை சீவலை முன்னால் தள்ளும். அடி திறந்த ஓட்டைக்கு அது. சிலவகை மேலே ஏற்றிக் கொண்டுவரும். அடி மூடிய ஓட்டைக்கு அது.

போட்ட மரை எப்படிப் பிடிக்கிறது என்பது தனி ஆச்சரியம். காகிதத்தை நீண்ட செங்கோண முக்கோணமாக வெட்டிப் பென்சிலைச் சுற்றிச் சுருட்டினால் அதன் சாய்ந்த ஓரம் மரைக்கோடாகிவிடும். மரை என்பது சுருட்டி வைத்த சரிவு. எம்-8 மரையில் அந்தச் சரிவு மூன்று பாகைக்குச் சற்று மேல். சுமார் 18 அடி நடந்தால் ஓர் அடி ஏறுகிற ஏற்றம். எஃகின் மேல் எஃகு வழுக்கத் தொடங்க ஏறக்குறைய எட்டு ஒன்பது பாகைச் சரிவு வேண்டும். சரிவு அதற்கும் கீழே இருப்பதால், எவ்வளவு இழுவிசை வந்தாலும் போல்ட்டு தானாகச் சுற்றிக்கொண்டு வெளியே வராது. இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள ஹேண்டிலை ஒரு சுற்று சுற்ற நம் கை 63 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. டேப் இறங்குவதோ 1.25 மில்லிமீட்டர். ஐந்நூறுக்கு ஒன்று. உராய்வு பெரும்பங்கைத் தின்ற பிறகும் மீதி இருக்கும் பலம் எஃகைச் சீவப் போதுமானது.

ஆழமாக மரை போட்டால் பலம் கூடும் என்பது பலருடைய நம்பிக்கை. ஓரளவுக்கு மேல் கூடாது. போல்ட்டை இறுக்கும்போது அது ரப்பரைவிடக் கடினமானதுதான் என்றாலும் நீள்கிறது, நட்டு அமுங்குகிறது. அதனால் தலைப்பக்கம் இருக்கிற முதல் மரை மொத்தச் சுமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. அடுத்தடுத்த மரைகளுக்குப் போவது குறைந்துகொண்டே வரும். ஏழாவது எட்டாவது மரைகளுக்கு மிச்சம் கொஞ்சம்தான். எஃகு நட்டு போல்ட்டின் விட்டத்தைவிடச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருப்பதன் காரணம் இது. வார்ப்பிரும்பில் ஒன்றரை விட்டம், அலுமினியத்தில் இரண்டு விட்டம் ஆழம் இருந்தால் ஒடிவது போல்ட்டாக இருக்குமே தவிர மரை உரியாது. பழுது பார்க்கிறவனுக்கு அதுதான் வேண்டும். போல்ட்டு கடையில் கிடைக்கும், பம்பு உடல் கிடைக்காது.

இறுகிய போல்ட்டும் பம்பில் தளர்கிறதே என்றால், அதற்கு விடையை 1969-ல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் ஒரு சோதனைப் பொறியில் காட்டினார். போல்ட்டின் நீளத்தை ஒட்டிய ஆட்டத்தைவிடக் குறுக்குவாட்டு ஆட்டம்தான் தளர்த்துகிறது. குறுக்கே ஒரு நொடி வழுக்கினால் அந்த நொடியில் சுற்றுவாட்டில் உராய்வு பிடிப்பதில்லை. மூன்று பாகைச் சரிவும் அப்போது போதும். மோட்டார் அடிப்பலகை ஆடாமல் இருக்க வேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, டேப் ஒடிந்தால் என்ன செய்வது? டேப் செய்கிற ஹை ஸ்பீடு ஸ்டீலில் டங்ஸ்டனும் மாலிப்டினமும் குரோமியமும் வெனேடியமும் கலந்திருக்கின்றன. சூடேறினாலும் கடினம் குறையாத இந்த எஃகை ஃபிரடெரிக் டெய்லரும் மான்செல் வைட்டும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பக்குவப்படுத்தினார்கள். கடினம் இருக்கிற அளவுக்கு வளைகிற குணம் அதற்கு இல்லை. பக்கவாட்டில் நெம்பினால் கண்ணாடி முறிகிற சத்தத்தோடு ஒடியும். டிரில்லும் அதே ஜாதி எஃகு என்பதால் அதைத் துளைக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு இது பெருந்தலைவலி ஆயிற்று. அலுமினிய வால்வு உடல்களுக்குள் ஒடிந்த டேப்புகளை எடுக்க மின்பொறியால் உலோகத்தைத் துணுக்குத் துணுக்காக அரித்தெடுக்கும் கருவியைச் செய்தார்கள். அதே காலத்தில் சோவியத் நாட்டில் லாசரென்கோ தம்பதியும் மின்பொறி அரிப்பை ஆராய்ந்தார்கள். இன்று அச்சு வார்ப்புகளைச் செதுக்குகிற மின்பொறி எந்திரங்களுக்கு இவைதான் முன்னோடி. எஃகிலோ வார்ப்பிரும்பிலோ டேப் ஒடிந்தால் இப்போதும் அந்த எந்திரம் இருக்கிற பட்டறையைத் தேடிப் போவதே நல்லது.

பித்தளையிலோ அலுமினியத்திலோ ஒடிந்திருந்தால் வைத்தியம் மளிகைக் கடையில் இருக்கிறது: படிகாரம். முகம் மழித்த பிறகு தடவுகிற அதே கல். தண்ணீரில் கரையும்போது படிகாரம் சற்றே கந்தக அமிலத் தன்மை பெறும். அந்த மென்மையான அமிலம் இரும்பைப் பிடித்துத் தின்னும்; செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையைத் தீண்டாது; தன்மேல் ஆக்சைடு போர்வை போர்த்தியிருக்கும் அலுமினியத்தையும் அவ்வளவாகத் தொடாது. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டில் ஒடிந்த எஃகுத் திருகை எடுக்கக் காலங்காலமாகச் செய்கிற முறை இது. இரும்புச் சட்டியில் செய்யக் கூடாது, சட்டி போய்விடும். கண்ணாடிப் பாத்திரமோ பீங்கானோ வேண்டும். கரைகிற மட்டும் படிகாரத்தைப் போட்டு, கொதிக்கவிடாமல் சூடாகவே வைத்திருந்து, டேப் ஒடிந்த பாகத்தை அதில் முழுகவிட்டால் ஒடிந்த எஃகிலிருந்து நுண்ணிய குமிழ்கள் கிளம்பும். திருகு மெலிதென்றால் சில மணி நேரம். ஹை ஸ்பீடு ஸ்டீல் டேப் என்றால் ஒரு நாள், இரண்டு நாள் கூட ஆகலாம். நடுவில் கரைசலை மாற்றி, கறுப்பு வண்டலைத் துலக்கிவிட வேண்டும். முழுதும் கரைய வேண்டிய அவசியமில்லை. பற்கள் மெலிந்து பிடி விட்டதும் ஊசியால் நெம்பினாலே துண்டுகள் வெளியே வரும். பிறகு சோடா உப்பு கலந்த தண்ணீரில் கழுவி உலர்த்தி, புது செட்டின் முதல் டேப்பைப் பழைய மரையிலேயே விரலால் சுற்றி ஏற்றலாம். அது ஏற்கெனவே இருக்கிற பள்ளத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு போய், முன்பு விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கும்.